அப்பலேச்சியன் நெடும்பாதை 1937இல் முடிந்துவிட்டதா?

கேள்வி மூன்று துண்டாக வந்திருக்கிறது. அமெரிக்காவின் அப்பலேச்சியன் நெடும்பாதை 1937ஆம் ஆண்டிலேயே போட்டு முடிக்கப்பட்டது என்று படித்தேன், அப்படியானால் இன்றும் ஆயிரக்கணக்கானோர் அதில் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்? முழுவதும் நடந்து முடித்தேன் என்று ஒருவர் சொன்னால் அதை யார் சரிபார்க்கிறார்கள்? வேலைக்குப் போகிற என்னைப் போன்றவர் ஆண்டுக்கு இரண்டு வாரம் விடுப்பெடுத்துத் துண்டு துண்டாக நடந்தால் அது கணக்கில் சேருமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: 1937இல் முடிந்தது உண்மை. பதின்மூன்று மாதம்தான் அது முழுதாக இருந்தது. எப்படி என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1921 அக்டோபரில் பென்டன் மக்காய் என்ற வனவியலாளர் ஒரு கட்டடக்கலை இதழில் கட்டுரை எழுதினார். அப்பலேச்சியன் மலைத்தொடரின் முகடு நெடுகத் தங்குமிடங்கள், கூட்டுறவு முகாம்கள், பண்ணைகள், நகரத்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் களைத்தவர்கள் வந்து தங்கிப் போக ஒரு மாற்று உலகம்: அவர் கேட்டது இதைத்தான். இவற்றையெல்லாம் கோத்துப் பிடிக்கும் கயிறாகத்தான் பாதையை நினைத்தார். பண்ணைகளும் முகாம்களும் காகிதத்தைத் தாண்டவில்லை. கயிறு மட்டும் நிலைத்தது. 1923இல் நியூயார்க் மாநிலத்தின் பேர் மவுன்டனில் முதல் பகுதி திறக்கப்பட்டது. 1925இல் வாஷிங்டனில் மாநாடு கூடி ஓர் அமைப்பு பிறந்தது. இன்று அதன் பெயர் அப்பலேச்சியன் ட்ரெயில் கன்சர்வன்சி. அதன்பின் சில ஆண்டுகள் பேச்சுதான் மிகுதி, பாதை கொஞ்சம்தான்.

பேச்சை மண்ணில் இறக்கியவர் மைரன் ஏவரி. கடல்சார் சட்டம் அறிந்த வழக்கறிஞர். 1931 முதல் 1952 வரை அமைப்பின் தலைவர். சைக்கிள் சக்கரம் ஒன்றில் அளவுமானியைப் பொருத்தி, அதை உருட்டிக்கொண்டே மலை மலையாக ஏறி இறங்கிய மனிதர். எந்தத் தன்னார்வச் சங்கம் எந்தத் துண்டைப் பார்த்துக்கொள்ளும், மரத்தில் தீட்டும் வழிக்குறி எப்படி இருக்க வேண்டும், வழிகாட்டி நூலில் தூரம் எப்படிக் குறிக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அவர் வகுத்ததுதான். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பகுதியில் முகட்டை ஒட்டியே மோட்டார் சாலை வந்தபோது மக்காய் கொதித்தார். வனத்தைக் காக்காத பாதை எதற்கு என்பது அவர் கட்சி. பாதையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு வடகோடி மாநிலமான மெய்ன் வரை கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்பது ஏவரியின் கட்சி. 1935இல் கடிதத்தில் முறைத்துக்கொண்டதோடு இருவருக்கும் ஒட்டுறவு அறுந்தது. மக்காயின் கனவு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஏவரி இல்லையென்றால் இன்று நடந்து பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

கடைசி இரண்டு மைல், மெய்ன் மாநிலத்தில் ஸ்பால்டிங் மலைக்கும் சுகர்லோஃப் மலைக்கும் நடுவே, 1937 ஆகஸ்ட் 14 அன்று வெட்டி முடிக்கப்பட்டது. பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு அமைத்திருந்த படையைச் சேர்ந்த ஆறு பேர் அந்த வேலையைச் செய்தார்கள். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை, பதினான்கு மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு, ஒரே தொடர்.

1938 செப்டம்பரில் பெரும்புயல் நியூ இங்கிலாந்தைத் தாக்கியது. நூற்றுக்கணக்கான மைல் மரங்கள் பாதையின் குறுக்கே விழுந்தன. தெற்கே புளூ ரிட்ஜ் சாலை ஏறத்தாழ 120 மைல் பாதையை விழுங்கியது. பிறகு இரண்டாம் உலகப் போர். ரம்பம் பிடிக்க வேண்டிய கைகள் துப்பாக்கி பிடிக்கப் போய்விட்டன, பெட்ரோலுக்கும் ரேஷன். போரிலிருந்து திரும்பிய ஏர்ல் ஷேஃபர் 1948இல் ஒரே மூச்சில் முழுப் பாதையையும் 124 நாளில் நடந்தபோது, பல இடங்களில் பாதையைத் தேடித்தான் நடந்தார். அவர் நடந்துவிட்டதாகச் சொன்னதை அமைப்பினரே முதலில் நம்பவில்லை. படங்களையும் நாட்குறிப்பையும் காட்டிய பிறகுதான் ஏற்றார்கள். பாதை மறுபடி தொடர்ச்சியாகிவிட்டது என்று அறிவிக்க 1951 ஆயிற்று. ஆக, அது முடிந்தது ஒருமுறை அல்ல, இரண்டு முறை. அதன் பிறகும் முடியவில்லை என்பதுதான் சுவாரசியம்.

ஏனென்றால் தடம் இருந்தது, தடத்தின் அடியிலிருந்த நிலம் இல்லை. தொடக்கக் காலத்தில் பாதையின் பெரும்பகுதி தனியார் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும், கைகுலுக்கிப் பெற்ற அனுமதியில் ஓடியது. உரிமையாளர் இறந்து மகன் நிலத்தை விற்றால், வாங்கியவர் வேலி போட்டால், பாதை மூட்டை கட்டிக்கொண்டு தார்ச்சாலை ஓரத்துக்கு இறங்கிவிடும். 1968இல் தேசியப் பாதைகள் சட்டம் வந்து இதற்கும் மேற்கேயுள்ள பசிபிக் கிரெஸ்ட் பாதைக்கும் மத்திய அரசின் பாதுகாப்பைக் கொடுத்தது. மாநிலங்கள் நிலத்தை வாங்கிவிடும் என்று காத்திருந்ததில் பத்தாண்டு போனது. 1978இல் சட்டத்தைத் திருத்தி, நிலம் வாங்க 9 கோடி டாலர் ஒதுக்க அனுமதித்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. இன்று பாதையின் 99 விழுக்காட்டுக்கு மேல் பொதுநிலத்திலோ காக்கப்பட்ட நிலத்திலோ இருக்கிறது.

பசிபிக் கிரெஸ்டுக்கு 1968இல் பெயர் கிடைத்தது. அது தொடர்ச்சியாகிவிட்டது என்று விழா எடுத்தது 1993இல். ராக்கி மலைத்தொடர் நெடுக ஓடும், 1978இல் அறிவிக்கப்பட்ட கான்டினென்டல் டிவைட் பாதையில் இன்றும் சில இடங்களில் சாலையோரமாகத்தான் நடந்தாக வேண்டும். வரைபடத்தில் கோடு இழுப்பதற்கும் அதன் கீழே நிலம் வாங்குவதற்கும் நடுவில் ஒரு மனித ஆயுள் போய்விடுகிறது.

நிலம் கைக்கு வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. வாங்கியது தேசியப் பூங்காத் துறை. ஆனால் 1984இல் அந்த நிலத்தின் அன்றாடப் பொறுப்பைக் கன்சர்வன்சியிடமும் அதன் சங்கங்களிடமும் ஒப்படைத்துவிட்டது. ஏறத்தாழ முப்பது சங்கங்கள்; மெய்ன் சங்கத்தின் கையில் மட்டும் சுமார் 267 மைல். சங்கத்துக்குள் ஆளுக்குச் சில மைல் என்று பிரித்துக்கொள்கிறார்கள். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 பேர் ஆண்டுக்கு 2 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். சிலர் பாதையையே மிதிப்பதில்லை. நிலத்தின் எல்லையை நடந்து, மஞ்சள் சாயமிட்ட எல்லை மரங்களையும் அளவைக் கற்களையும் தேடிக் கண்டுபிடித்து, யாராவது மரம் வெட்டியிருக்கிறார்களா, குப்பை கொட்டியிருக்கிறார்களா, கொல்லைப்புறத்தை இரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை. நிலக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். வரப்பு மெதுவாக நகரும்.

இனி பாதையின் மேல் நடக்கும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மரம் வெட்டுவதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையான எதிரி தண்ணீர்.

சில ஆண்டுகள் வர்ஜீனியாவில் வேலை பார்த்தபோது வாரக் கடைசியில் ஒரு சங்கத்தோடு போயிருக்கிறேன். முதல் நாள் எங்கள் குழுத் தலைவி, எழுபதை நெருங்கியவர், மண்வெட்டியைக் கையில் கொடுக்கும் முன் தன் குடிநீர்ப் பாட்டிலைத் திறந்து பாதையின் நடுவில் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் பக்கவாட்டில் சரிந்து கீழே போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. பாதையின் நடுவிலேயே, எங்கள் கால் தடங்களின் வழியாகவே, வாய்க்காலில் ஓடுவது போல நீளவாக்கில் ஓடியது. அவர் ஒன்றும் விளக்கவில்லை. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு நடந்தார்.

நடப்பதென்னவென்றால், மலைச்சரிவில் வெட்டிய பாதை முதலில் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். ஆயிரம் கால்கள் நடுப்பகுதியை அமுக்குகின்றன. அமுங்கிய மண்ணும் இலைக்குப்பையும் வெளி ஓரத்தில் ஒதுங்கி, நம் வயல் வரப்பு போல ஒரு மேடு உண்டாகிறது. மழை பெய்தால் தண்ணீர் அந்த வரப்பைத் தாண்ட முடியாமல் பாதையிலேயே இறங்கி ஓடுகிறது. ஓடும்போது மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு பருவத்தில் வேர்கள் தெரியும், நான்கு பருவத்தில் பாறை தெரியும். நடப்பவர் வழுக்காத இடம் தேடி ஓரமாக நடப்பார். பாதை அகலமாகும், பக்கத்துப் புல் சாகும், சேறு இன்னும் பரவும். நாற்பது அடி அகலத்துக்குச் சேறாகிப்போன ‘ஒற்றையடிப்பாதை’யை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்து எளிது, ஆனால் அதை ஆண்டுக்கு ஆண்டு கொடுக்க வேண்டும். வெளி ஓரத்து மேட்டை வெட்டி எடுத்து, மறுபடி சாய்வு கொடுக்க வேண்டும். இடையிடையே தண்ணீரைத் திருப்பிவிட, பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கட்டையையோ கற்களையோ பதிப்பார்கள், அல்லது பாதையையே ஓரிடத்தில் லேசாக ஏற்றி இறக்கி ஒரு தாழ்வு உண்டாக்குவார்கள். மடை திருப்பத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கட்டை பதித்த இடங்களில் அதன் மேல்பக்கம் வண்டல் படிந்து ஒருநாள் கட்டை உயரத்துக்கு வந்துவிடும். அன்றிலிருந்து அது வெறும் படிக்கட்டு, தண்ணீர் மேலேறி ஓடும். அதனால்தான் அனுபவசாலிகள் கட்டையைவிட மண்ணில் செய்த தாழ்வையே விரும்புகிறார்கள். அழுக கட்டை இல்லை, தண்ணீர் தானே அரித்துத் துப்புரவாக்கிக்கொள்ளும்.

புதிதாகப் பாதை போடும்போது பாதி விதி என்று ஒன்றைப் பின்பற்றுவார்கள். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது. போனால் தண்ணீர் சரிவைவிடப் பாதையையே தனக்கு வழியாகத் தேர்ந்தெடுக்கும். பழைய பாதையில் பல இடங்கள் இந்த விதி தெரியாத காலத்தில் நேரே உச்சிக்கு ஏற்றியவை. அவற்றை மூடிவிட்டு வளைந்து ஏறும் புதுத்தடம் வெட்டுகிறார்கள். 1937இல் இருந்த தடத்தின் பெரும்பகுதி இன்று இடம் மாறியோ புதிதாகப் போடப்பட்டோ இருக்கிறது. மொத்த நீளமும் அதனால்தான் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. தோராயமாக 2,190 மைல், அதாவது 3,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு முனையே 1958இல் ஓக்லதோர்ப் மலையிலிருந்து ஸ்பிரிங்கர் மலைக்கு மாறியது.

மரம் வெட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி வனாந்தரம் என்று ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் ரம்பத்துக்கு அனுமதி கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீள ரம்பம்தான். அதில் ஒரு ரகசியம் உண்டு: இழுக்க மட்டும் வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் அலகு வளையும், எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார். புதுப் பயில்வான்கள் எல்லாம் தள்ளுவார்கள். புதர் கழிக்கும்போது அகலம் நான்கு அடி, உயரம் எட்டு அடி. பெரிய முதுகுப்பையோடு ஒருவர் ஈரக் கிளை உரசாமல் போக வேண்டும் என்பது கணக்கு. வெட்டிய கிளையைக் கீழ்ச்சரிவில், வெட்டுவாய் பாதைக்குத் தெரியாதபடி போட வேண்டும். நடப்பவருக்கு இங்கே யாரோ வேலை செய்தார்கள் என்றே தெரியக்கூடாது.

பாதையைக் காட்டும் வெள்ளைக் குறி ஆறு அங்குல உயரம், இரண்டு அங்குல அகலம். தெற்கிலிருந்து வடக்குவரை ஏறத்தாழ 1,65,000 குறிகள் என்பது வழக்கமான கணக்கு. பட்டையை லேசாகச் சுரண்டி, உயிர்ச்சதை தெரியாமல், மேல்செதிலை மட்டும் எடுத்துவிட்டு அடிக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குறி இருந்தால் திருப்பம் வருகிறது, கவனி என்று பொருள். மரம் பருக்கப் பருக்கக் குறி அகலமாகி நீள்சதுரம் சதுரமாகிவிடும். சில ஆண்டுக்கொருமுறை ஓரம் கட்டித் திருத்த வேண்டும். பாதை இடம் மாறினால் பழைய குறிகளை மரப்பட்டை நிறச் சாயத்தால் மறைப்பார்கள். குறி போடுவதைவிட மறைப்பதுதான் கைத்திறன் கேட்கும் வேலை என்பது என் கருத்து. நான் மறைத்த குறி ஒன்று ஒரு மாதத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்திரி மாதிரி தெரிந்தது.

இரண்டாவது கேள்வி: நடந்து முடித்ததை யார் சரிபார்க்கிறார்கள்? யாரும் இல்லை. கன்சர்வன்சியிடம் ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால், நீங்கள் சொன்னதை நம்பி, சான்றிதழும் சட்டையில் தைக்கும் சின்னமும் அனுப்புவார்கள்; உங்களை ‘இரண்டாயிரம் மைல்காரர்’ பட்டியலில் சேர்ப்பார்கள். ஷேஃபரை நம்ப மறுத்த அமைப்பு இன்று எல்லாரையும் நம்புகிறது. எனக்கு இது சரியென்றே படுகிறது. பொய் சொல்லி அந்தச் சின்னத்தை வாங்குபவர் அதைத் தைத்துக்கொண்டு எங்கே போவார், பாவம்.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இரு முனைகளுக்கு இடையே பாதை முழுவதையும் நடந்திருக்க வேண்டும். எந்தத் திசை, எந்த வரிசை, எவ்வளவு வேகம், முதுகில் பை இருந்ததா இல்லையா என்பதெல்லாம் அவர்கள் கவலை அல்ல. வெள்ளம், காட்டுத்தீ, புயல் என்று அவசரம் வந்தால் நீலக் குறியிட்ட கிளைப்பாதையிலோ, அதிகாரிகள் காட்டும் சாலை வழியிலோ சுற்றிப் போனாலும் ஏற்கப்படும். நடப்பவர்கள் நடுவே இதைச் சுற்றி ஒரு நிறச் சாத்திரமே உண்டு. வெள்ளைக் குறி ஒன்றையும் விடாதவர் ஆசாரக்காரர். குறுக்கு வழி போகிறவர் நீலம். காரில் ஏறிச் சாலையின் மஞ்சள் கோட்டைப் பிடித்துப் போகிறவர் மஞ்சள்.

ஆசாரக்காரர்களுக்கும் ஓர் இடத்தில் சோதனை உண்டு. மெய்னில் கென்னபெக் ஆறு குறுக்கிடுகிறது. மேலே அணை, தண்ணீர் எப்போது திறக்கும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. 1985இல் நடந்து கடக்க முயன்ற ஒருவர் மூழ்கி இறந்தார். பிறகு துடுப்புப் படகில் ஏற்றிக் கடத்தும் ஏற்பாடு வந்தது, அதுவே அதிகாரப்பூர்வமான பாதையும் ஆனது. படகின் அடித்தளத்தில் உள்பக்கமாக ஒரு வெள்ளைக் குறி தீட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்தபடி கடந்தாலும் நீங்கள் குறியை விட்டு விலகவில்லை.

வடமுனையான கட்டாடின் மலையில் வேறு வகைச் சிக்கல். அந்த மலை இருப்பது பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில். மெய்னின் ஆளுநராக இருந்த பெர்சிவல் பாக்ஸ்டர் சொந்தப் பணத்தில் துண்டு துண்டாக வாங்கி, காட்டுத்தன்மை கெடக்கூடாது என்ற கட்டளையோடு மாநிலத்துக்குக் கொடுத்த நிலம். ஆறு மாதம் நடந்து வந்தவர்கள் உச்சியில் கூட்டமாகக் குடித்துக் கொண்டாடுவது பூங்காவுக்குப் பிடிக்கவில்லை. இப்படியே போனால் பாதையின் முனையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று 2014இல் எழுத்திலேயே எச்சரித்தார்கள். அடுத்த ஆண்டு, வேக சாதனை படைத்த ஓட்டக்காரர் ஒருவர் உச்சியில் ஷாம்பெயின் திறந்ததற்கு அபராதம் கட்டினார். இப்போது நெடுந்தூரம் நடந்து வருபவர்கள் அந்தப் பூங்காவில் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பாதைக்காரர்கள் விருந்தாளிகள், வீட்டுக்காரர் அல்ல.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் வந்தபோது 1938 திரும்பியது போல இருந்தது. வட கரோலினா, டென்னசி, தெற்கு வர்ஜீனியா பகுதிகளில் மரங்கள் தீக்குச்சிக் கட்டைக் கொட்டியது போலக் கிடந்தன. நூற்றுக்கணக்கான மைல் மூடப்பட்டது. டென்னசியின் எர்வின் ஊருக்கு அருகே பாதை நோலிச்சக்கி ஆற்றைக் கடந்த பாலம் அடித்துக்கொண்டு போனது. 2025 பருவத்தில் அங்கேயும் படகு வைத்தார்கள். முறிந்த மரம் ஒன்றின்மேல் ஒன்றாக அழுந்திக் கிடந்தால் வில் போல இழுபட்டு நிற்கும். தவறான இடத்தில் ரம்பம் வைத்தால் ஆளையே தூக்கி எறியும். எனவே ஆர்வம் மட்டும் போதாது, ரம்பச் சான்று பெற்றவர்தான் வெட்டலாம். சான்று இல்லாதவர் கிளை இழுப்பார், வடிகால் தோண்டுவார். நான் எப்போதும் இந்த இரண்டாம் வகைதான்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு வாரம் நடந்தால் தாராளமாகச் சேரும். ஒரே பருவத்தில் முடிக்கக் கிளம்புகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். துண்டு துண்டாக நடப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. அடுத்த ஆண்டு தொடங்க வேண்டிய இடம் மறந்துபோவதுதான் உங்களுக்கு வரும் தொல்லை. எனவே ஒரு சிறு நோட்டில் தேதி, தொடங்கிய சாலைச் சந்திப்பு, நிறுத்திய சாலைச் சந்திப்பு மூன்றையும் அன்று மாலையே எழுதிவிடுங்கள். தங்குமிடத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். தங்குமிடங்கள் இடம் மாறும். இடைப்பட்ட ஆண்டில் தடம் தள்ளிப் போடப்பட்டால் கவலை வேண்டாம். நீங்கள் நடந்த அன்று வெள்ளைக் குறி எங்கே இருந்ததோ அதுதான் உங்கள் பாதை.

துண்டு துண்டாக நடப்பது இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால், இந்தப் பாதை முழுவதையும் முதன்முதலில் நடந்து முடித்தவர் யார் என்று கேளுங்கள். பலரும் ஷேஃபர் என்பார்கள். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, 1936இல், கடைசி இணைப்பு வெட்டப்படும் முன்னரே, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஒரு துண்டாக நடந்து முடித்திருந்தார் ஏவரி. சக்கரத்தையும் தள்ளிக்கொண்டு.